வாள் தின்றது போக ஒன்பது பலகை

டிசம்பர் 3, ஞாயிறு

வெள்ளிக்கிழமை அடித்த காற்றில் கொல்லைப் பலாமரம் வேரோடு சாய்ந்துவிட்டது. சுவர் தப்பியது, துணி துவைக்கும் கல் தப்பவில்லை. மழை விட்டதும் நாடாவை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். நேரான பகுதி ஒன்பது அடி நான்கு அங்குலம். சுற்றளவு அடியில் ஐந்தடி ஒரு அங்குலம், மேல்முனையில் நான்கடி இரண்டு அங்குலம். ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்து சராசரி எடுத்தேன். விழுந்த மரத்துக்குச் சராசரி எதற்கு? கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் முப்பத்தைந்து வருடம் பழகிய கை.

மாலை ஆறு மணிக்கு மகன் சிவநேசன் ஓசூரிலிருந்து பேசினான். ஞாயிறு தவறாமல் பேசுவான். சாப்பிட்டீர்களா, மாத்திரை இருக்கிறதா, சரி வைக்கட்டுமா. இன்று ஒன்று கூடுதலாகச் சொன்னான். அவன் மனைவி நாகஜோதிக்கு மூன்றாவது மாதம். பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டுக்குத்தான் போவாளாம்.

"ரொம்ப சந்தோஷம்பா" என்றேன். இன்னும் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக மரம் விழுந்ததைச் சொன்னேன்.

"மாமாகிட்டப் பலகை அறுக்குற மெஷின் இருக்குப்பா. சொல்லவா?"

"யோசிக்கிறேன்" என்றேன்.

அவன் மாமனார் சன்னாசி கோம்பைப் பக்கம் மரம் அறுப்பவர். முறைப்படி எனக்குச் சம்பந்தி. அப்படி எழுத எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை, பெயரையே எழுதுகிறேன். நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் நடந்த திருமணத்துக்கு என்னால் போக இயலவில்லை. காய்ச்சல்.

டிசம்பர் 12, செவ்வாய்

ஒன்பது நாள் யோசித்துவிட்டேன். போடியிலேயே மரம் அறுப்பவர்கள் இருவர் உண்டு. யாரையாவது கூப்பிட்டால் விறகாக்கி எடுத்துப்போவார்கள். எந்தச் சங்கடமும் இல்லை.

காலை 10.20க்குச் சன்னாசிக்குப் பேசினேன். பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். நான் சிவநேசனின் அப்பா என்பது முதல் வரி. மரம் விழுந்தது இரண்டாவது. இரண்டையும் படித்தேன். பிறகு, "என்ன மரம் சார்?" என்றார்.

"பலா."

"எம்புட்டு நீளம்?"

சொன்னேன். சுற்றளவையும் சொன்னேன். சராசரி என்பதையும் சொன்னேன்.

"திங்கக்கெழம வாரேன். ஏணி இருக்கா சார் வீட்டுல? அலுமினிய ஏணி."

மரமோ தரையில் கிடக்கிறது. ஏணி எதற்கு என்று கேட்கத் தைரியம் வரவில்லை. இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

டிசம்பர் 18, திங்கள்

விவரமாக எழுத வேண்டிய நாள்.

காலை ஏழேகாலுக்குக் குட்டியானை வண்டியில் தனியாக வந்து இறங்கினார். என்னைவிட ஏழெட்டு வயது சிறியவராக இருக்கும். அகன்ற தோள், இடது கட்டைவிரலில் நகம் இல்லை. "வணக்கம் சார்" என்றார். நானும் வணக்கம் என்றேன். கை கொடுப்பதா என்று நான் யோசிக்கும்போதே மரத்தின் மேல் ஏறி நின்றுவிட்டார்.

"ஒரு பக்கம் பிடிக்க ஆளு வேணும். பய வரல. நீங்கதேன்."

ஏணி எதற்கென்று அப்போதுதான் தெரிந்தது. அவரிடம் இருப்பது சாதாரணச் செயின்சாதான். அதன் வாளை இரும்புச் சட்டம் ஒன்றுக்குள் பூட்டியிருக்கிறார். சட்டம் ஒரு சமமான பரப்பின் மேல் வழுக்கிப் போனால், கீழே வாள் அதே ஆழத்தில் படுத்தபடி மரத்தை அறுத்துக்கொண்டே வரும். உருண்ட மரத்தில் சமமான பரப்பு ஏது? அதற்குத்தான் முதல் அறுப்புக்கு ஏணியை மரத்தின் மேல் வைத்து இறுக்குகிறார். எவ்வளவு எளிமை! இத்தனை வருடம் நேர்கோட்டைப் பற்றிப் பாடம் எடுத்தவனுக்கு இது தோன்றியிருக்காது.

தொடங்குமுன் அவரிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். மரத்தில் நான் அடித்த ஆணிகளின் படம். கொடிக்கயிற்றுக்கு இரண்டு, விளக்குக்கு ஒன்று, இப்படி ஏழு. எந்த வருடம், தரையிலிருந்து எத்தனை அடி, எந்தத் திசை, எல்லாம் நாட்குறிப்புகளைப் பார்த்து எடுத்தது.

அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இருவத்தஞ்சு வருசமா மரம் அறுக்கேன் சார். ஆணிக்கு ஜாதகம் எழுதி வச்ச ஆள இன்னைக்குத்தேன் பாக்கேன்."

கிண்டலா பாராட்டா, தெரியவில்லை. ஏழையும் தேடிப் பிடுங்கினார். எல்லாம் சொன்ன இடத்தில் இருந்தன. எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்ததை மறைக்கவில்லை.

சத்தம் பயங்கரம். காதில் பஞ்சு, கண்ணில் ஆய்வகக் கண்ணாடி. அவர் இழுக்க, நான் மறுமுனையில் சட்டத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். அறுத்த வாயில் அவ்வப்போது ஆப்பு செருக வேண்டும். இல்லையென்றால் மேல்பலகை தன் எடையால் வாளைக் கவ்விக்கொள்ளும். முதல் பலகையைப் புரட்டிப் போட்டதும் மஞ்சள் அப்படியே கண்ணைப் பறித்தது. பாலின் பிசுக்கு விரலெல்லாம் ஒட்டியது. தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டார்.

நான்காவது பலகையில் வாள் கிரீச்சிட்டு நெருப்புப் பொறி பறந்தது. அணைத்துவிட்டுப் பார்த்தால் ஓர் ஆணி. என் படத்தில் இல்லாத எட்டாவது. நான் அடிக்கவில்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

"வீட்டுல அம்மா அடிச்சிருப்பாக."

"அவள் என்னிடம் சொல்லாமல்..."

"சொன்னா நீங்க ஒரு வாரம் யோசிப்பீகள்ல?"

நான்கு வருடத்துக்கு முன் இறந்துபோன என் மனைவி மங்கையர்க்கரசியை இவர் பார்த்ததே இல்லை. சங்கிலியின் பற்களை அரம் போட்டுக்கொண்டே தானாகச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மதியம் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, மரமே இல்லாத கொல்லையில் நிழல் தேடி, கடைசியில் சுவரோரம் உட்கார்ந்தார். நான் காலையிலேயே இருவருக்கும் சாம்பார்சாதம் கிளறி வைத்திருந்தேன். கூப்பிட வாய் வரவில்லை. சமையலறைக்கும் கொல்லைக்கும் மூன்று முறை நடந்தேன்.

"சார், ரெண்டு தட்டு கழுவி வச்சிருக்கீக. இன்னொண்ணு யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"அத வாயத் தொறந்து சொல்லப்படாதா?" என்று எழுந்து வந்தார்.

என் கணக்குப்படி ஓர் அங்குலப் பலகை பன்னிரண்டு வர வேண்டும். வந்தது ஒன்பது. ஒவ்வொரு அறுப்பிலும் செயின் கால் அங்குலத்துக்கு மேல் தூளாக்கிவிடுகிறது. நான் அதைச் சேர்க்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

"வாளுக்கும் பசிக்கும்ல சார்" என்றார்.

கூலி வாங்க மறுத்துவிட்டார். வண்டியில் ஏறும்போது, "பலகைய வச்சு என்ன செய்யப்போறீக?" என்று கேட்டார்.

"சின்ன அலமாரி" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. காலையிலிருந்தே என் மனதில் இருந்தது தொட்டில்.

டிசம்பர் 19, செவ்வாய்

கைகளைத் தூக்க முடியவில்லை. பலகைகளைப் பின்னறையில் ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவே அரை அங்குலக் குச்சிகள் வைத்து அடுக்கினேன். வெடிக்காமல் இருக்க முனைகளுக்கு மிச்சமிருந்த கதவு பெயின்ட். நீலம்.

ஜனவரி 7, ஞாயிறு

பச்சை மரத்தில் வேலை செய்யக் கூடாது, காயும்போது முறுக்கிக்கொள்ளும். காய்ந்ததை எப்படி அறிவது? ஓரடித் துண்டு ஒன்றை வெட்டி ஞாயிறுதோறும் சமையலறைத் தராசில் நிறுக்கிறேன். டிசம்பர் 19இல் 1342 கிராம். இன்று 1217. எடை குறைவது நின்றால் வேலையைத் தொடங்கலாம்.

சன்னாசி இந்தப் பக்கம் வேலையாக வந்ததாகச் சொல்லி எட்டிப் பார்த்தார். அடுக்கைச் சுற்றிவந்து ஒரே ஒரு குச்சியை அரை விரல் நகர்த்தி வைத்தார். தேநீர் குடித்தார். இந்தப் பக்கம் அவருக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

1058 கிராம்.

தொட்டிலின் படம் ஏழாவது முறையாக வரைந்தாயிற்று. நான்கு கால், மேலே குறுக்குச் சட்டம், அதில் ஆடும் பெட்டி. ஆணி வேண்டாம், பசையும் வேண்டாம். ஒரு மரத்தில் துளை, மற்றதில் நாக்கு, நாக்கை இறுக்க ஆப்பு. எங்கும் கூர்முனை கூடாது. கம்பிகளுக்கு இடைவெளி இரண்டேகால் அங்குலம். குழந்தையின் தலை நுழையாது. இதை மூன்று புத்தகங்களில் சரிபார்த்தேன்.

சன்னாசி இன்றும் வந்தார். "அலமாரி எப்ப சார்?" என்றார். படத்தைச் செய்தித்தாளுக்கு அடியில் தள்ளினேன். செய்து முடிக்கும்முன் சொல்லிவிட்டால் முடிக்காமல் போய்விடுவேனோ என்று பயம்.

மார்ச் 22, வெள்ளி

இன்று கோம்பையில் நாகஜோதிக்கு வளைகாப்பு என்று சிவநேசன் சொன்னான். ஆம்பளைகளுக்கு அங்கே வேலையில்லை என்றும் சொன்னான்.

சரிதான்.

ஏப்ரல் 21, ஞாயிறு

923 கிராம். சென்ற வாரம் 924. அதற்கு முந்தைய வாரமும் 924. காய்ந்துவிட்டது.

இழைப்புளியை எடுத்தேன். முதல் சுருள் காகிதம் போல வந்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. மஞ்சள் இப்போதே தேன்நிறமாகத் தொடங்கியிருக்கிறது.

மே 4, சனி

இரண்டாவது காலில் துளையை எதிர்ப்பக்கம் போட்டுவிட்டேன். பத்து முறை பார்த்துக் குறித்த குறி. பத்து முறையும் தவறாகவே பார்த்திருக்கிறேன். ஒன்பது பலகையில் மிச்சம் அதிகமில்லை. நாளை புதிய கால்.

மே 20, திங்கள்

இன்று சிவநேசனின் திருமண நாள். வாழ்த்துச் சொல்லக் காலை ஒன்பதுக்கு ஃபோனை எடுத்தேன். பதினொன்றரைக்குப் பேசினேன். "தேங்க்ஸ்பா" என்றான்.

பழைய நாட்குறிப்பை எடுத்து அந்த நாளைப் படித்தேன். 'காலை 6.00. உடல் வெப்பநிலை 101. பயணம் இயலாது. சிவநேசனுக்குத் தெரிவித்தேன்.' கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது.

அன்று வெப்பமானி காட்டியது 98.4. முந்தின நாள் திண்டுக்கல்லிலிருந்து அண்ணன் பேசியிருந்தார். நம் சனத்தில் இல்லாத இடம், நீ அங்கே போய் நின்றால் எனக்குத் தம்பியே கிடையாது என்றார். நான் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தேன். எதிர்த்தும் பேசவில்லை, சரியென்றும் சொல்லவில்லை. காலையில் எழுந்து வெப்பமானியை வாயில் வைத்தேன். ஏதாவது காட்டும் என்று மூன்று நிமிடம் காத்திருந்தேன்.

ஆயிரக்கணக்கான அளவுகள் எடுத்திருக்கிறேன். நான் மாற்றி எழுதியது அந்த ஒன்றைத்தான்.

பிற்பகல் பெட்டியின் அடிப்பலகையைத் தேய்த்தேன்.

ஜூன் 3, திங்கள்

முடிந்தது. இருபத்திரண்டு இணைப்புகள், நாற்பத்துநான்கு ஆப்புகள். பத்து கிலோ அரிசி மூட்டையைப் போட்டு ஒரு மணி நேரம் ஆட்டினேன். எங்கும் கிரீச்சிடவில்லை. தேங்காயெண்ணெயும் தேன்மெழுகும் பூசினேன். குழந்தை நக்கினாலும் ஒன்றும் ஆகாது.

மருத்துவர் சொன்ன தேதி ஜூன் 24. மூன்று வாரம் முன்பே தயார். வாழ்க்கையில் ஒரு காரியத்தையாவது நேரத்துக்கு முன் முடித்தேன். புதன்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 5, புதன்

வாடகைக் குட்டியானையில் தொட்டிலை நிறுத்திக் கட்டி, பக்கத்தில் நானும் உட்கார்ந்து கோம்பைக்குப் போனேன். வழியில் பெண்கள் தொட்டிலைப் பார்த்து ஏதோ சொன்னார்கள். அழகாக இருக்கிறது என்று சொல்வதாக நினைத்துக்கொண்டேன்.

சன்னாசி மலையில் வேலைக்குப் போயிருந்தார். வாசலுக்கு வந்தது அவர் மனைவி விருமாயி. நான் யாரென்று சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தார். இரண்டு கைகளாலும் கேட்டை இழுத்துச் சாத்தினார்.

"ஏங்க, பிள்ள பெறக்குமுன்ன தொட்டில் கொண்டாருவாகளா? வெறுந்தொட்டில! எந்த ஊருலங்க இது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. என் வீட்டில் சொல்லித்தர யாருமில்லை என்பதை ஒரு காரணமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் இது எனக்கே தெரியும். சிவநேசன் பிறக்கும்வரை ஒரு துணிகூட வாங்கக் கூடாது என்று மங்கையர்க்கரசியின் அம்மா சொன்னார். அன்று கேட்டது, தேதி பார்த்து வேலையை முடிக்கும் மும்முரத்தில் மறந்தே போயிற்று.

"தெரியாமல்..." என்றேன்.

"கல்யாணத்துக்கு வர வேண்டிய அன்னைக்கு நீங்க வரல. வரக் கூடாத அன்னைக்குத் தொட்டில் வந்து நிக்கிது. எம் பிள்ள பாத்துறப்போகுது, கொண்டு போங்க."

ஜன்னலில் நாகஜோதி நின்றிருந்தாள். புகைப்படத்துக்கு வெளியே அவளைப் பார்ப்பது முதல் முறை. "அம்மா, மாமாவ உள்ள கூப்பிடும்மா, வெயில்ல நிக்கிறாக" என்றாள்.

"நீ உள்ள போ."

திரும்பும்போது ஓட்டுநர் தார்ப்பாய் எடுத்துத் தொட்டிலை மூடினார்.

ஜூன் 6, வியாழன்

சமைக்கவில்லை.

ஜூன் 8, சனி

காலை எட்டு மணிக்குச் சிவநேசன் பேசினான். ஞாயிறு அல்ல என்பதால் முதல் மணியிலேயே எடுத்தேன். நாகஜோதிக்கு இரத்த அழுத்தம் கூடி, தேனியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அவன் பேருந்தில் வந்துகொண்டிருக்கிறான்.

"நான் தொட்டில்..." என்று தொடங்கினேன்.

"தெரியும்பா. அப்புறம் பேசலாம்."

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இரத்த அழுத்தம் கூடுவது பலருக்கு நேர்வது. காரணங்களை மருத்துவப் புத்தகத்தில் படித்தேன். மூன்று நாளுக்கு முன் வாசலில் நின்ற ஒரு மரச்சாமானுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இருக்க முடியாது. இதை உறுதியாக எழுதுகிறேன்.

எழுதிவிட்டுப் போய்த் தொட்டிலைக் கழற்றினேன். நாற்பத்துநான்கு ஆப்புகளையும் தட்டி எடுத்தேன். ஒன்றும் உடையவில்லை. கால், கம்பி, பக்கப்பலகை எல்லாவற்றையும் தரையில் படுக்கவைத்து, முன்போலவே குச்சி வைத்து அடுக்கினேன். ஒரு மணிக்கு வேலை முடிந்தபோது அறையில் தொட்டில் என்று எதுவும் இல்லை.

ஜூன் 11, செவ்வாய்

சன்னாசி வந்தார். அழைப்புமணியை அடிக்காமல் பக்கச் சந்து வழியாக நேராகப் பின்னறைக்கே வந்துவிட்டார்.

"பிரஷர் எறங்கிருச்சு சார். நல்லாருக்கா. பெறக்குற வரைக்கும் அங்கனயே இருக்கட்டும்ன்டாக" என்றார் முதலில். நான் பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் சுற்றிலும் பார்த்தார்.

"எங்க அது?"

"எது?"

"அலமாரி."

நான் எழுந்து, உட்கார்ந்திருந்த அடுக்கைக் காட்டினேன். அவர் குனிந்து ஒரு காலை எடுத்தார். துளைக்குள் நகமில்லாத கட்டைவிரலை விட்டுச் சுற்றினார். கம்பிகளை எண்ணினார். எப்போது கழற்றினேன் என்று கேட்டார், சொன்னேன்.

"நீங்க படிச்சவுக. நீங்களுமா நம்புறீக?"

"நம்பவில்லை."

"பெறகு?"

என்ன நினைத்தேனோ, வேறொன்றைச் சொல்லிவிட்டேன். "அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை. கல்யாணத்தன்று."

சன்னாசி மரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும். மாப்பிள்ள அன்னைக்கே சொல்லிட்டாரு. எங்கப்பாவுக்கு நெசமாக் காய்ச்சல் வந்தா ஒருத்தர்ட்டயும் சொல்ல மாட்டாருன்னு."

அவன் அப்படியா சொன்னான்? கோபமாகச் சொன்னானா என்று கேட்டேன்.

"சிரிச்சுக்கிட்டுத்தேன் சொன்னாரு. கண்ணு கலங்குச்சு, அது வேற. மாப்பிள்ளைக்கு அப்பன் நிக்க வேண்டிய எடத்துல எங்க மச்சினன நிப்பாட்டினோம். எம் பொண்டாட்டிக்கு அதுதேன் ஆறல. சனம் ஒவ்வொண்ணும் வந்து, இவருதேன் மாப்பிள்ளையோட அப்பாவான்னு கேட்டுச்சாம். அவ தம்பிய அவளே சம்பந்தின்னு சொல்லிட்டுத் திரிஞ்சா பாவம்."

அவர் ஃபோனை எடுத்தார். ஆஸ்பத்திரியில் இருந்த விருமாயியிடம் சத்தமாகப் பேசினார்.

"ஏய், நான் சார் வீட்டுலதேன் இருக்கேன். இங்க தொட்டிலும் இல்ல, ஒண்ணும் இல்ல. பலகதேன் கெடக்கு... அட, கண்ணால பாத்துட்டுத்தேன் சொல்லுதேன். நான் அறுத்துப் போட்ட பலக... ஆமா, அவரே கழட்டிட்டாரு. அன்னைக்கே... அவருக்கு மட்டும் பயம் இருக்காதா?"

வைத்துவிட்டு, "ஒண்ணும் சொல்லல. ஆனா வையல" என்றார். இரண்டு தட்டில் உப்புமா சாப்பிட்டோம். இந்த முறை நானே வாய்திறந்து கூப்பிட்டேன்.

ஜூன் 19, புதன்

காலை 4.52. பெண். 2.9 கிலோ. இருவரும் நலம்.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

ஜூன் 26, புதன்

தெரியாத எண். எடுத்தால் விருமாயி.

"நான் கோம்பையிலருந்து பேசுறேன். பதினாறாம் நாளு அடுத்த வியாழக்கெழம வருது. பேர் வைக்கிறோம். பலகையக் கொண்டு வந்துருங்க."

"சரிங்க."

"பலகைய மட்டும் ஏத்தி விட்டுட்டு வீட்டுல இருந்துறாதீக."

"இல்லைங்க, வருகிறேன்."

"வாரேன்னு எல்லாருந்தேன் சொல்லுவாக" என்று வைத்துவிட்டார்.

ஜூன் 30, ஞாயிறு

யார் சொன்னார்களோ, அண்ணன் பேசினார். பழைய பேச்சேதான். அவர் முடிக்கும்வரை கேட்டேன். "நான் போகிறேன் அண்ணா" என்றேன். இத்தனை சிறிய வாக்கியம். அவர் வைத்துவிட்டார். மறுபடி பேசி மன்னிப்புக் கேட்கலாமா என்று இருமுறை எண்ணை எடுத்தேன். அழுத்தவில்லை. ஆப்புகளை எண்ணி ஒரு டப்பாவில் போட்டேன். நாற்பத்துநான்கு. உபரியாக ஆறு.

ஜூலை 4, வியாழன்

காலை ஏழுக்கே போய்விட்டேன். பந்தல் போட்டிருந்தார்கள். விருமாயி கேட்டை இரண்டு பக்கமும் திறந்து வைத்திருந்தார். "வாங்க" என்றார். அதற்கு மேல் இல்லை, அதற்குக் கீழும் இல்லை.

நடுக்கூடத்தில் பலகைகளை இறக்கிப் பூட்டத் தொடங்கினேன். சுற்றிலும் ஐம்பது பேராவது இருப்பார்கள். எனக்கு யாராவது பார்த்தால் கை ஓடாது. முதல் நாக்கே துளையில் இறங்கவில்லை. எந்தக் கால் எது என்று மறந்துவிட்டது. வியர்த்தது. சன்னாசி எதிரே உட்கார்ந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார், பலகை அறுத்த நாளில் நான் அவருக்குப் பிடித்தது போல. அதன்பின் வரிசையாக இறங்கின.

"ஆணி ஒண்ணுகூட இல்லையாப்பா?" என்றார் ஒரு பெரியவர்.

"ஆணியா? இவரு ஆணி அடிச்சா அதுக்குப் பேரு ஊரு எழுதி வைப்பாரு" என்றார் சன்னாசி. எல்லாரும் சிரித்தார்கள். கடைசி ஆப்பைத் தட்டி முடித்தேன். ஒரு பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தது. யாரும் கவனிக்கவில்லை. சன்னாசி கவனித்தார், தன் துண்டை அந்தப் பக்கம் தொங்கவிட்டார்.

சேலை விரித்து, குழந்தையைக் கொண்டு வந்தார்கள். விருமாயி கூடத்தைப் பார்த்துக் கேட்டார்: "அப்பன் வீட்டுச் சனம் யாரு? முன்ன வாங்க."

ஒருவரும் நகரவில்லை. அப்பன் வீட்டுச் சனம் என்று அங்கே இருந்தது நான் ஒருவன்தான். ஆப்பு தட்டிய கொட்டாப்புளியைக் கையில் பிடித்தபடி சுவரோரம் நின்றிருந்தேன். குழந்தையைத் தொட்டிலில் இட்டுக் காதில் பெயர் சொல்வது அவர்கள் வழக்கத்தில் அப்பன் வீட்டார் செய்ய வேண்டியது. இது எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு தாளில் எழுதிப் பயிற்சி செய்திருப்பேன்.

"சம்பந்தி, உங்களத்தேன். இந்தத் தடவ என் தம்பிய எரவல் தர முடியாது" என்றார் விருமாயி.

கொட்டாப்புளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் சிவநேசனிடம் கொடுத்தேன். அவன் அதை வாங்கிக்கொண்டு என் காதில் பெயரைச் சொன்னான். நாகஜோதி குழந்தையை என் கையில் வைத்தாள். "தலையப் பிடிச்சுக்கங்க மாமா, அம்புட்டுதேன்" என்றாள். பிடித்தேன். படுக்கவைத்தேன். குனிந்து, வலது காதருகே, "யாழினி" என்றேன்.

"யாருக்கும் கேக்கலையே" என்றார் விருமாயி.

"குழந்தைக்குக் கேட்டிருக்கும்" என்றேன்.

"பிள்ளைக்குக் கேட்டாப் போதுமா? நீங்க வந்தது ஊருக்குத் தெரிய வேணாமா? சத்தமாச் சொல்லுங்க."

நான் நிமிர்ந்தேன். ஐம்பது முகம். பின்வரிசையில் விருமாயியின் தம்பிகூட எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சை இழுத்து, "யாழினி!" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. மூன்றாவது முறை அதைவிடப் பலமாக வந்துவிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். குழந்தை திடுக்கிட்டுக் கைகளை விரித்து வீறிட்டது.

"அடியாத்தீ, தாத்தா போட்ட சத்தத்துல பிள்ள பயந்துருச்சு!" என்று விருமாயி விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

முப்பத்தைந்து வருடம் வகுப்பறையில் நின்றிருக்கிறேன். என் குரலுக்கு ஒருவர் பயந்தது இதுவே முதல் முறை.

அழுகை நிற்க ஆறு நிமிடமாயிற்று. ஆட்டியது நான்.